ஒருத்தி நின்ற கூட்டம்

பாறைக்கு அடியில் மூன்று பேர் கிடந்தார்கள். முதல் வாரம் நாற்றம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

குவாரியின் கிழக்குச் சரிவு பெயர்ந்து விழுந்த அன்று மதியமே கம்பெனி வேலையை மேற்குப் பக்கம் மாற்றிவிட்டது. ஓர் அதிகாரி வந்து, குவியலில் கை வைத்தால் இன்னும் சரியும், அபாயம் என்று சொல்லிவிட்டுப் போனார். மேற்கே வெடி வைக்கும்போதெல்லாம் கிழக்கே குவியல் அதிர்ந்து இன்னும் கொஞ்சம் இறுகியது. உள்ளே கிடந்தவர்களில் ஒருவன் மாயழகு, வெள்ளத்தாயியின் புருஷன். இன்னொருவன் பவுனுவின் தம்பி செல்லையா. மூன்றாவது ஆள் ஒடிசாக்காரன், பீரேன்.

உடல் இல்லாததால் இறப்புச் சான்று இல்லை. வெள்ளத்தாயி தாலியை அறுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கழுத்தில் போட்டுக்கொண்டே கல் உடைக்கப் போனாள். கேட்டவர்களிடம் சொன்னாள்: "எடுத்துக் குடுத்தா அறுத்துட்டுப் போறேன். குடுக்கலன்னா நான் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

உடல்களை எடுத்துத் தரச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். கூட்டமாகப் போக முடியாது. நான்கு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது என்று சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஐந்தாவது தலையைக் கண்டால் மேலே சுற்றும் ட்ரோன் விசிலடிக்கும். விசிலுக்குப் பிறகும் நின்றால் கண் எரிய ஒரு புகையைக் கக்கும். வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் விலக்கு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் சீட்டு வாங்க வேண்டும். மனு கொடுக்க அரசாங்கம் வேறொரு வழி வைத்திருந்தது. அதற்கு அமைதிக் கூடல் என்று பெயர். சனங்கள் ஒத்தையாள் சட்டம் என்றார்கள்.

அந்த வழியை விளக்க ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தாரிணி என்ற பெண் வந்தாள். குவாரி லைன் வீடுகளில் ஆளாளுக்குத் தன் வாசலில் நின்று கேட்டார்கள். அவள் தெரு நடுவில் நின்று மைக்கில் பேசினாள். கையில், ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள வில்லை ஒன்றை வைத்திருந்தாள்.

"உங்க சார்பா ஒருத்தர் போய் நிப்பாங்க. நீங்க எல்லாரும் இத பிடரியில ஒட்டிக்கிட்டு வீட்லயே இருக்கலாம். நிக்கிறவங்களுக்குக் கால் வலிச்சா அந்த வலிய இது எல்லாருக்கும் பங்கு போட்டுடும். அப்படி வலிச்சா, சட்டப்படி நீங்களும் அங்க நின்னதாத்தான் அர்த்தம்."

"மூத்திரம் முட்டுனா?" என்றான் இருளாண்டி தன் வாசலிலிருந்து. "நானூறு பேரும் ஒண்ணா ஓடணுமாக்கும்?"

தெரு சிரித்தது. தாரிணியும் சிரித்துவிட்டாள். "காலைல பத்து மணிலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் மஞ்சக் கட்டத்த விட்டு வெளிய போகாம நிக்கணும். விழக்கூடாது. நின்னுட்டா கலெக்டரே எறங்கி வந்து மனுவ கையில வாங்கியாகணும். அது சட்டம்."

"அடிச்சா?" என்று கேட்டான் சோணை. மாயழகுவின் தம்பி. குவாரியில் பாறை புரட்டும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி.

"அதுவும் பங்குதாண்ணே. ஒரு அடி விழுந்தா ஆளுக்குக் கொசு கடிச்ச மாதிரி."

"எலும்பு ஒடஞ்சா?"

தாரிணி மைக்கைக் கொஞ்சம் இறக்கினாள். "வலிதான் பங்கு போகும். எலும்பு போகாது."

"நடுவுல கழட்டலாமா?"

"எப்ப வேணும்னாலும் கழட்டலாம். யாருக்கும் கட்டாயம் இல்ல. நீங்க கழட்டினா உங்க பங்கு மத்தவங்களுக்குப் போயிடும், அவ்வளவுதான். ஆனா ஒரு தடவ எடுத்துட்டா மறுபடி ஒட்டாது. நாங்கதான் வந்து ஒட்டணும்."

யார் நிற்பது என்று பேச மறுநாள் வேலைக்கு நடுவில்தான் முடிந்தது. பாறை புரட்டும்போது எட்டுப் பேர் சேர்ந்து நிற்கலாம், ட்ரோன் ஒன்றும் சொல்லாது. லாரி அளவுப் பாறை ஒன்றின் அடியில் எட்டுக் கடப்பாரைகளைக் கொடுத்து அழுத்திக்கொண்டே பேசினார்கள். மாயழகு பிடித்த பாரையை வெள்ளத்தாயி பிடித்திருந்தாள்.

"நான்தான் நிப்பேன்" என்றாள். "இதுல பேச என்ன இருக்கு."

அதை யாரும் மறுக்கவில்லை. பேச்சு வேறொன்றைப் பற்றி வந்தது. போன வருடம் உப்பளத்துக்காரர்கள் ஒருவனை நிறுத்தினார்கள். வலி ஏற ஏற ஒவ்வொருவராக நைசாகக் கழற்றினார்கள். கழற்றியவன் பாரம் கழற்றாதவன் மேல் ஏறியது. கடைசி வரை வைத்திருந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேருக்கு இன்றுவரை பேச்சு வரவில்லை.

"நம்ம ஆளுக அப்படிச் செய்யக்கூடாது" என்றான் சோணை. "பாரைக்கு என்ன வழக்கமோ அதுதான் இதுக்கும். முடியலன்னா வாயத் தொறந்து கை குடு. எல்லாரும் ஒண்ணா விடுவோம்."

பாரை பிடிப்பவர்களுக்கு அது பிறந்த நாளிலிருந்து தெரியும். எட்டுப் பேர் நெம்பும்போது ஒருவன் மட்டும் தன் பாரையை விட்டால் மற்றவன் பாரை எகிறித் தாடையைப் பெயர்த்துவிடும். தாங்க முடியாதவன் "கை" என்று கத்த வேண்டும். கத்தியது யார், ஏன் என்று திரும்பிப் பார்க்கக்கூடாது. காதில் விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாரையை உருவிக்கொண்டு பின்னால் குதிக்க வேண்டும். யோசித்தவன் பல் இல்லாமல் திரிந்தான். அப்படி நான்கு பேர் லைனில் இருந்தார்கள். அதில் இருளாண்டி ஒருவன்.

"எதுத்த வீட்டுக்காரன் கழட்டிட்டுப் போயி அவன் பாரத்த என் பொண்டாட்டி செமக்கறதுக்கு இது தேவல" என்றான் இருளாண்டி.

"மதினி, நீ என்ன சொல்ற?" என்றான் சோணை.

வெள்ளத்தாயி பாரை மேல் மொத்த உடம்பையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். "எப்பவும் பிடிக்கிற மாதிரியே பிடிங்க. புதுசா ஒண்ண வச்சாத்தான் கொழப்பம்" என்றாள். பாறை புரண்டது.

திங்கட்கிழமை காலை தாரிணி வீடு வீடாக வந்து வில்லை ஒட்டினாள். பவுனு தலைமுடியை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"உனக்கு வேணாம்" என்றான் சோணை. அவன் பெண்டாட்டி பவுனுவுக்கு அது எட்டாவது மாதம்.

"ஏன்?"

"வயித்துல புள்ள இருக்கு, தெரியலையா?"

"உள்ள கெடக்கறது என் தம்பி. உங்க அண்ணனுக்காக நீ ஒட்டுற. எனக்குன்னு வந்தா மட்டும் புள்ள கண்ணுக்குத் தெரியுது." தாரிணியிடம் திரும்பினாள். "நீ ஒட்டு தாயி. கொசுக்கடிதானே. குவாரிக்காரன் புள்ள கொசுக்கடிக்குச் சாகாது."

தாரிணி சோணையைப் பார்த்தாள். அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒட்டினாள்.

மதியம் வரை வெறும் வெயில்தான். அரசாங்கம் நேரலையில் காட்டியது. போனில் வெள்ளத்தாயி ஆட்சியர் அலுவலக வாசலில் மஞ்சள் கட்டத்துக்குள் மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். வெறுங்கால். லைனில் எல்லார் பாதமும் இளஞ்சூடாக எரிந்தது. எல்லார் நாக்கும் வறண்டது. இருளாண்டி தன் வீட்டுக்குள்ளிருந்து கத்தினான்: "அவ தண்ணி குடிக்காம நான் எம்புட்டுக் குடிச்சாலும் தாகம் தீர மாட்டேங்குதே. நல்ல கதையா இருக்கு." சுவருக்குச் சுவர் சிரிப்பு தாவியது.

மூன்று மணிக்கு மேல் டீக்கடைப் பக்கமிருந்து ஒரு கல் பறந்து வந்து ஆட்சியர் அலுவலகக் கண்ணாடியை உடைத்தது. எறிந்தவன் நிதானமாக பைக்கில் ஏறிப் போனான். போலீஸ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அமலதாஸ் மைக்கோடு கட்டத்தின் முன் வந்தார். "வன்முறையில் ஈடுபட்டுள்ள நீங்கள் உடனடியாகக் கலைந்து செல்லுங்கள்."

வெள்ளத்தாயி திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். "யாரச் சொல்றீங்க?"

"உன்னத்தான்."

"நான் ஒருத்தி எங்கய்யா கலையறது?"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது நேரலையில் போனது. அமலதாஸின் காது சிவந்தது. அதையே இன்னும் இரண்டு தடவை மைக்கில் படித்தார். அப்புறம் மைக்கை ஏட்டிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன பேரு சேந்திருக்கான்?"

"நானூத்திச் சொச்சம் சார்."

"ஆளுக்கு ஒண்ணு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. எண்ணிக்கோ. நாளைக்கு எவனும் நம்மளக் கேள்வி கேக்கக் கூடாது."

அடி முதலில் வந்தது. படம் அப்புறம்தான் வந்தது. சோணையின் இடது தோளில் சுள்ளென்று ஏதோ பட்டது. பவுனுவும் அதே தோளைத் தொட்டாள். போனைப் பார்த்தார்கள். அதில் வெள்ளத்தாயி இன்னும் சும்மாதான் நின்றாள். சில நொடி கழித்துத்தான் லத்தி மேலே போய் இறங்கியது. நேரலை அவ்வளவு பிந்தி வந்தது.

கொசுக்கடிதான். தாரிணி சொன்னது பொய் இல்லை. ஆனால் கொசு கடித்துவிட்டுப் பறந்துவிடும். இது கடித்த இடத்திலேயே இருந்தது. மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. முப்பது நாற்பது விழுந்த பிறகு தோள் முழுவதும் அடுப்பில் வைத்த மாதிரி ஆனது. அப்புறம் முழங்காலுக்கு மாறினார்கள். லைன் முழுக்க ஒரே நேரத்தில் வலது கால் மடங்கியது. சட்டி பானை உருளும் சத்தம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்டது.

வெள்ளத்தாயியின் முன்கை உடைந்தபோது அத்தனை பேர் முன்கைக்குள்ளும் ஏதோ நறுக்கென்றது. கையைத் தடவிப் பார்த்தால் எலும்பு முழுசாக இருந்தது. போனில் அவள் கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் தொங்கியது. அவள் அதை மற்ற கையால் எடுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அடியில், இடுப்பில்தான் மனு இருந்தது.

அவள் விழவில்லை. விழுந்திருக்க வேண்டும். ஓர் உடம்பு தாங்குகிற அளவு எப்போதோ தாண்டிவிட்டது. நானூறு இடுப்பு சேர்ந்து அவளைப் பிடித்திருந்தன. அடிக்கிறவர்களுக்கே அது பயமாக இருந்தது. சின்ன வயசுக் கான்ஸ்டபிள் ஒருவன் லத்தியைக் கீழே போட்டுவிட்டு வாந்தி எடுத்தான். அமலதாஸ் அந்த லத்தியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து, அவன் கணக்கில் மீதி இருந்ததைத் தானே அடித்தார். காதில் ஒன்று. வாயில் ஒன்று. வெள்ளத்தாயி பல்லைத் துப்பினாள். லைனில் எல்லார் நாக்கும் பல்லைத் தேடியது.

"எத்தன ஆச்சு?"

"முன்னூறத் தாண்டிருச்சு சார்."

"தண்ணி குடு."

அவர் தண்ணீர் குடித்தார். ஆட்சியர் அலுவலகக் கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது. மாடி ஜன்னலில் திரை ஒதுங்கி யாரோ கீழே பார்ப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். சோணை வேட்டியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது பவுனு அவன் கையைப் பிடித்தாள். பிடித்த விரல்கள் விறைத்திருந்தன. திரும்பிப் பார்த்தான். அவள் கண் மேலே செருகியிருந்தது. உட்கார்ந்திருந்த சாக்கு நனைந்து சிவப்பாகப் பரவியது. குதிகால் தரையில் தடதடவென்று அடித்தது.

சோணை கத்தினான். "கை."

அவள் பிடரியிலிருந்த ஒற்றை வில்லையைப் பிய்த்தால் போதும். அது அவனுக்குத் தோன்றவேயில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பாரை பிடிக்கிறவன் வாய் அது. பக்கத்து வீடு "கை" என்றது. அதற்கடுத்த வீடு "கை" என்றது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அந்தச் சத்தம் ஓடி முடிவதற்குள் நானூறு கைகள் நானூறு பிடரியிலிருந்து வில்லையைப் பிய்த்து எறிந்தன. எவனும் பிந்தவில்லை. எவனும் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போகவில்லை.

வலி நின்றது. ஒரே நொடியில், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. லைன் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. சோணையே ஒரு கணம் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தான். அவ்வளவு சுகமாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது போன் எதிரே கிடந்தது. அதில் வெள்ளத்தாயி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உடைந்த கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, ஜன்னலைப் பார்த்து நின்றாள். படம் பிந்தி வரும்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பாறைக்கு உயிர் கிடையாது. விட்டால் அது பழைய இடத்தில் போய் உட்காரும், அவ்வளவுதான்.

தரையில் தவழ்ந்து தன் வில்லையைத் தேடி எடுத்தான். பிடரியில் வைத்து அழுத்தினான். ஒட்டவில்லை. எச்சில் தொட்டு அழுத்தினான். வெளியே தெருவில் நான்கைந்து பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள். மேலே ட்ரோன் விசிலடித்தது.

போனில் வெள்ளத்தாயி வாயைத் திறந்தாள். அதுவரை அவள் ஒரு சத்தமும் போடவில்லை. இப்போது வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. டீக்கடைக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். அமலதாஸ் இரண்டடி பின்னால் போனார். யாரும் அவளைத் தொடவில்லை. அவள் முதுகு வில்லாக வளைந்தது, கட்டத்துக்கு உள்ளேயே விழுந்தாள். நெஞ்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது என்று பிறகு டாக்டர் எழுதினார்.

மனு தள்ளுபடியானது. மனுதாரர் இல்லை என்பது காரணம். போலீஸ் மேல் தப்பில்லை என்று விசாரணை முடிந்தது. ஆளுக்கு ஒன்று என்ற அளவை எவரும் தாண்டவில்லை, ஏட்டு எண்ணியிருந்தார். உண்மையில் இன்னும் சில அடி பாக்கி இருந்தது. வெள்ளத்தாயி செத்தது ஒரே நேரத்தில் எல்லோரும் கழற்றியதால் என்று முடிவு செய்தார்கள். யார் எந்த நொடியில் கழற்றினார்கள் என்பது தாரிணியின் அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. நானூத்திச் சொச்சம் பேர் மேலும் கொலை வழக்கு போட்டார்கள். சிறையில் இடமில்லை என்று ஜாமீனில் விட்டார்கள்.

பவுனு பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது, குறைமாதத்தில் பிறந்த பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பவுனு சோணையிடம் பேசவில்லை. சோறு வைப்பாள். துணி துவைப்பாள். வாய் திறக்கமாட்டாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. இரவில் அவன் கை தானாகப் பிடரிக்குப் போகும். தோல் பிய்ந்து புண்ணாகியிருந்தது.

முதல் வாய்தா அன்று நீதிமன்ற வாசலில் அரசாங்க பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் நீதிபதி முன்னால் ஒன்றாக இருந்தால்தான் குற்றச்சாட்டை வாசிக்க முடியும். அதற்குக் கூடல் சட்டத்தில் விலக்கு இருந்தது. ஹாலில் இடம் போதவில்லை. வளாகத்தில் வேப்பமரத்தடியிலிருந்து கேட் வரை நிறுத்தினார்கள். நீதிபதி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் முதலில் பழக்கத்தில் நாலு நாலு பேராகப் பிரிந்து நின்றார்கள். கான்ஸ்டபிள்கள்தான் "நெருங்கி நில்லு, நெருங்கி நில்லு" என்று தள்ளினார்கள். தோளோடு தோள் பட்டது. சிலருக்குக் கூச்சமாக இருந்தது. ட்ரோன் மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பேசாமல் போனது.

"யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் வக்கீல் மெஹராஜ், இலவச சட்ட உதவியில் வந்த பெண். "மத்தத நான் பாத்துக்கறேன். அண்ணே, கேக்குதா?"

சோணையை முதலில் கூப்பிட்டார்கள்.

"வெள்ளத்தாயி என்பவரைக் கொலை செய்ததாக உங்கள் மேல் குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஆமாங்கய்யா. நாங்கதான் கொன்னோம். கைன்னு கத்துனது நான்."

மெஹராஜ் கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் கொன்றீர்கள்?"

"பாரம் தாங்கல."

"என்ன பாரம்?"

"குவாரிக்குள்ள மூணு பேரு பாறைக்கடியில கெடக்காங்க. எடுத்துக் குடுங்கன்னு கேக்கத்தான் அவ நின்னா. அவ இடுப்புல இருந்த மனு இன்னும் யார் கைக்கும் போகலங்கய்யா. அதையும் எழுதிக்கங்க."

அரசு வக்கீல் எழுந்தார். "வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. இவர் சொன்னது போதும். மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிக்கொள்ளலாம்."

"கொலை வழக்கில் அப்படி எழுத முடியாது" என்றார் நீதிபதி. அவருக்கும் வெயில். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். ஏன் கொன்றார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். எழுதுங்கள்."

அடுத்து இருளாண்டி. "ஆமாங்க. பாறைக்கடியில மூணு பேரு." அதற்கடுத்தவன் அதையே சொன்னான். அவன் பெண்டாட்டி அதையே சொன்னாள். ஒடிசாக்காரன் ஒருவன் அவன் பாஷையில் சொல்ல, அதைப் புரிந்து எழுத இன்னோர் ஆளைத் தேடிக் கூட்டி வந்தார்கள். எழுதுகிறவர் ஒரே வரியை எழுதி எழுதிக் கை உதறினார். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பவுனு குழந்தையோடு படிக்கட்டுக்கு வந்து, "செல்லையா என் தம்பி. அவன எடுங்க. இல்லன்னா என்னைய ஜெயில்ல போடுங்க" என்றாள்.

பொழுது சாயும்போது பாதிப் பேர்கூட முடியவில்லை. நீதிபதி எழுந்து போனார்.

"இரண்டு வாரம் கழிச்சு மறுபடி வரணும்" என்றாள் மெஹராஜ். "எல்லாரும். ஒருத்தர் கொறஞ்சாலும் நடக்காது. ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க? ஆயுள் தண்டனை கிடைக்கும், தெரியுமா?"

"தெரியும்." சோணை கூட்டத்தைப் பார்த்தான். "கேஸு எத்தன வருசம் நடக்கும்?"

"இத்தன பேரு கேஸு. நான் கெழவி ஆயிடுவேன்."

"அது வரைக்கும் எல்லாரும் வந்தாகணுமா?"

"வரலன்னா போலீஸே புடிச்சுக் கொண்டு வரும்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

கேட் பக்கம் அமலதாஸ் "ஏறு, பஸ்ஸுல ஏறு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக நடந்த இருளாண்டியின் முதுகில் லத்தி விழுந்தது. அவனுக்கு மட்டும்தான் வலித்தது. இருந்தும் சுற்றி நின்ற பத்துப் பதினைந்து முதுகுகள் தானாக விறைத்தன. எவரும் ஏறவில்லை. அமலதாஸ் மறுபடி லத்தியை ஓங்கினார். சுற்றிப் பார்த்தார். ஓங்கிய கை அங்கேயே நின்றது.

பவுனு குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு சோணையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடுத்த வாய்தாவுக்குக் கொடம் கொண்டாரணும்" என்றாள். "இம்புட்டுச் சனம் தண்ணி இல்லாம நிக்குது."